சமையல் மேடையில் பூனை ஏறாமல் பழக்குவது எப்படி?

கமுந்திங்கில் மழைக்குக் குறைவில்லை. தைப்பிங் வட்டாரத்தில் ஆண்டுக்குச் சுமார் 4,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மாலையில் வானம் கறுத்துவிட்டால் வீட்டுப் பூனையும், பின்சந்தில் திரியும் பூனையும் ஒன்றாக உள்ளே ஓடி வருகின்றன. கால்வாயோரம் மிதித்த காலோடு வரும் பூனை காய்ந்த இடத்தையும், சூடான இடத்தையும், உயரமான இடத்தையும் தேடுகிறது. உங்கள் சமையல் மேடையில் இந்த மூன்றும் இருக்கின்றன. நெத்திலி வறுத்த வாசமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

பூனை வளர்க்கும் மூத்த குடிமக்களுக்காக எழுதப்பட்டது இந்தக் கையேடு. பூனையை விரட்டுங்கள் என்று இதில் எங்கும் சொல்லப் போவதில்லை. பிள்ளைகள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போய்விட்ட பிறகு, தாமான் வீட்டில் தனியாக இருக்கும் பலருக்கு நாள் முழுவதும் துணை அந்தப் பூனைதான். தீபாவளிக்கு வரும் மகனோ மருமகளோ மேசைமேல் பூனை நடப்பதைப் பார்த்துவிட்டு, "அத்தை, இதைக் கொண்டுபோய் மார்க்கெட்டில் விட்டுவிடலாம்" என்று சொல்வதும், அதனால் பண்டிகை நாளில் முகம் வாடுவதும் பல வீடுகளில் நடப்பவை. மருமகள் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது. உங்களுக்குப் பூனைமேல் உள்ள பாசத்திலும் நியாயம் இருக்கிறது. பூனை மேடையை விட்டு இறங்கினால் இரண்டு பக்கமும் நிம்மதி. வயதான பூனையையும் பழக்கலாம்.

ஆபத்து எவ்வளவு?

உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவோம். பச்சைக் கோழி வெட்டிய பலகையிலேயே கழுவாமல் வெள்ளரிக்காய் நறுக்குவது, பூனை ஒருமுறை மேடையில் நடப்பதைவிட ஆபத்தானது. ஆனாலும் பூனையின் கால் எங்கெல்லாம் போய்விட்டு வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். மலம் கழித்த மண்ணை அந்தக் காலால்தான் கிளறுகிறது. எலி பிடிக்கும் பூனையும் பச்சை மீன், பச்சைக் கோழி தின்னும் பூனையும் சால்மொனெல்லா, கேம்பிலோபாக்டர் போன்ற கிருமிகளை நோயின் அறிகுறியே இல்லாமல் சுமக்கக்கூடும். இளைஞருக்கு இரண்டு நாள் வயிற்றுப்போக்கோடு போகும் விஷயம், இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மாத்திரை சாப்பிடும் பெரியவரை உடலில் நீர் வற்றி மருத்துவமனையில் படுக்க வைத்துவிடும்.

உலக சுகாதார நிறுவனம் பாதுகாப்பான உணவுக்கு 5 வழிகளைச் சொல்கிறது. அவற்றில் முதலாவது தூய்மை. கை கழுவுவது, மேடை துடைப்பது ஆகியவற்றோடு, சமையலறையையும் உணவையும் பூச்சிகளிடமிருந்தும் விலங்குகளிடமிருந்தும் காக்க வேண்டும் என்பதும் அந்த முதல் வழியிலேயே சேர்ந்திருக்கிறது. வீட்டில் முறுக்கு சுட்டு விற்பவர்கள், காலையில் தோசையும் நாசி லெமாக்கும் கட்டிக் கொடுப்பவர்கள் இதைக் கூடுதல் கவனத்தோடு எடுத்துக்கொள்ள வேண்டும். உங்கள் மேடையில் தயாராவதை ஊரார் பிள்ளைகளும் சாப்பிடுகிறார்கள்.

டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். எலியையோ பச்சை இறைச்சியையோ தின்று இது தொற்றிய பூனை, பொதுவாக ஒன்று முதல் மூன்று வாரம் வரை மலத்தில் அதை வெளியேற்றும். வெளிவந்த உடனே அது தொற்றாது. தொற்றும் நிலைக்கு வர 1 முதல் 5 நாள் ஆகும். ஆகவே மலம் கழிக்கும் தட்டைத் தினமும் சுத்தம் செய்யும் வீட்டில் ஆபத்து வெகுவாகக் குறைகிறது. சரியாக வேகாத இறைச்சி வழியாகவும், மண் ஒட்டிய கீரை வழியாகவும்கூட இது மனிதருக்கு வருகிறது. கர்ப்பமாக இருக்கும் மகளோ மருமகளோ வீட்டில் இருந்தால் அவர் பூனைத் தட்டைத் தொட வேண்டாம். புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்களும், சிறுநீரக மாற்று சிகிச்சை பெற்றவர்களும் அப்படியே.

கிருமியைத் தவிர நெருப்பும் இருக்கிறது. தென் கொரியத் தலைநகர் சியோலில் 2019 ஜனவரி முதல் 2021 நவம்பர் வரை பூனைகளால் ஏற்பட்ட தீவிபத்துகள் 107 என்று அந்நகரத் தீயணைப்புத் துறை கணக்குக் கொடுத்தது. தொட்டாலே எரியத் தொடங்கும் மின்னடுப்புகளைப் பூனைகள் கால் வைத்து இயக்கிவிட்டன. நம் வீடுகளில் பெரும்பாலும் திருகும் கேஸ் அடுப்புதான் என்றாலும், எரியும் அடுப்பின்மேல் வால் படுவதும், கொதிக்கும் சட்டி சரிவதும் நடக்கக்கூடியவை. புதிதாக மின்னடுப்பு வாங்கியிருந்தால் அதன் பூட்டுப் பொத்தான் எங்கே என்று பேரப்பிள்ளையிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஏன் ஏறுகிறது?

தோட்ட லயங்களில் பூனை வளர்த்தவர்களுக்கு அதன் வேலை என்னவென்று தெரியும். அரிசி மூட்டைக்கு எலி வராமல் காப்பது. எலியின் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ், மலேசியாவில் 2010 முதல் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக இருக்கிறது. ஆக, எலியைத் தூர வைக்கும் பூனைக்கு இன்றும் மதிப்புண்டு. அன்று உணவைப் பூனையிடமிருந்து காப்பதற்கும் வழி இருந்தது. தயிரும் பாலும் உறியில் தொங்கின. மிச்சக் குழம்பு கம்பிவலை போட்ட அலமாரிக்குள் போனது. அலமாரியின் கால்கள் எறும்பு ஏறாமலிருக்கத் தண்ணீர் டின்னுக்குள் நின்றன. பூனை சமையலறையில் சுற்றினாலும் அதன் வாய்க்கு ஒன்றும் எட்டவில்லை. இன்று உறியும் இல்லை, வலை அலமாரியும் இல்லை. நீளமான மேடை வந்துவிட்டது. அதன்மேல் சட்டியும் தட்டும் திறந்தபடி இருக்கின்றன. துடுங் சாஜி ஈயைத் தடுக்கும். பூனை அதை ஒரு கையால் தள்ளிவிடும்.

1898-இல் எட்வர்ட் தார்ன்டைக் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் பசித்த பூனைகளைக் கூண்டில் விட்டு, வெளியே உணவை வைத்தார். உள்ளே இருந்த கயிற்றையோ கட்டையையோ சரியாக இயக்கினால் கதவு திறக்கும். முதல் தடவை பூனை பிறாண்டி, கடித்து, தற்செயலாகத் திறந்தது. அடுத்தடுத்த தடவைகளில் எடுத்த நேரம் குறைந்துகொண்டே வந்தது. பலன் கொடுத்த செயலைப் பூனை திரும்பச் செய்கிறது, பலன் தராததை மெல்ல விட்டுவிடுகிறது என்று அவர் கண்டார். உங்கள் வீட்டிலும் இதே கணக்குதான். என்றோ ஒருநாள் மேடையில் ஒரு மீன் தலை கிடைத்தது. அந்தக் கூலிக்காக அது தினமும் வேலைக்கு வருகிறது.

கூலியை முதலில் நிறுத்துங்கள்

பயிற்சியில் பாதிக்கு மேல் இதுதான். இதைச் செய்யாமல் மற்றவற்றைச் செய்து பயனில்லை. கருவாட்டைத் திறந்து வைத்துவிட்டுப் பூனையைக் குறை சொல்ல முடியாது.

மீனும் கோழியும் கழுவிய உடனே செதில், குடல், எலும்பு எல்லாவற்றையும் பையில் கட்டி, மூடி இறுகப் பொருந்தும் குப்பைத் தொட்டியில் போடுங்கள். ஆறிக்கொண்டிருக்கும் குழம்பைக் கனமான மூடியால் மூடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் சமைத்த உணவை வெளியே வைக்கக் கூடாது என்பது நம் வெப்பத்துக்கு எப்படியும் தேவையான விதி. ஐஸ் பெட்டிக்குள் போனால் இரண்டு காரியமும் முடிந்தது. குழாய் சொட்டுகிறதா என்று பாருங்கள். ஓடும் தண்ணீரை விரும்பும் பூனைகள் அதற்காகவே சிங்க் மேல் ஏறும். ரப்பர் வளையத்தை மாற்றி, தரையில் அகலமான கிண்ணத்தில் நல்ல தண்ணீர் வையுங்கள்.

சமைக்கத் தொடங்கும் முன்பே பூனைக்குச் சாப்பாடு போட்டுவிடுங்கள். பூனைகள் விடியலிலும் அந்தியிலும்தான் சுறுசுறுப்பாக இருக்கும். நீங்கள் காப்பித் தண்ணீர் வைப்பதும், இரவுச் சமையலைத் தொடங்குவதும் அதே நேரத்தில்தான். வயிறு நிறைந்த பூனை வாசலில் போய்ப் படுத்துக்கொள்ளும். சாப்பாட்டை எப்போதும் ஒரே தட்டில், தரையில், மேடைக்குத் தூரமாக வையுங்கள். குழம்புச் சோறு வேண்டாம்: வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும்.

வீட்டில் எல்லோரும் ஒன்றுபோல் நடக்க வேண்டும் என்பதுதான் கடினமான பகுதி. நீங்கள் ஒன்பது தடவை மறுத்து, பத்தாவது தடவை தாத்தா "பாவம், அது பார்க்குது பாரு" என்று மேடையிலேயே ஒரு துண்டு கொடுத்தால், பூனை பத்து தடவையும் விடாமல் முயல வேண்டும் என்றே கற்றுக்கொள்கிறது. எப்போதாவது கிடைக்கும் பரிசுதான் பழக்கத்தை மிகவும் இறுக்கிப் பிடிக்கும். நான்கு எண் லாட்டரி வாங்குகிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

உட்கார வேறு இடம் கொடுங்கள்

பூனைக்கு உயரம் வேண்டும். அது குறும்பல்ல, அதன் பிறவிக் குணம். மரத்திலும் பாறையிலும் ஏறி நின்று இரையையும் எதிரியையும் பார்த்த இனத்தின் வழியில் வந்தது. மேடையை மறுத்துவிட்டு வேறு ஒன்றும் கொடுக்காவிட்டால் ஐஸ் பெட்டியின்மேல் ஏறும்.

சமையலறை கண்ணில் படும்படி, ஆனால் மேடையிலிருந்து தாவ முடியாத தூரத்தில், உயரமான பழைய ஸ்டூல் ஒன்றையோ சன்னலோரப் பலகையையோ ஏற்பாடு செய்யுங்கள். அதன்மேல் மடித்த சாக்கையோ பழைய துண்டையோ போடுங்கள். வழுக்கினால் பூனை அங்கே உட்காராது. ஸ்டூல் ஆடக் கூடாது. உங்கள் தோளைவிட உயரமாக வேண்டாம், துடைக்க நீங்கள் நாற்காலியில் ஏற நேரிடும். நீங்கள் நடக்கும் வழியிலும் அதை வைக்காதீர்கள்.

இப்போது பயிற்சி. பூனையின் உலர் தீனியைச் சிறு டப்பாவில் போட்டுப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டூலின்மேல் ஒரு மணி வைத்துக் காட்டுங்கள். ஏறியதும் தின்னட்டும். தினம் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் மூன்று நான்கு நிமிடம் போதும். அதற்குமேல் பூனையும் கேட்காது, உங்களுக்கும் இடுப்பு வலிக்கும். பிறகு நீங்கள் சமைக்கும்போது அது தானாக ஸ்டூலில் இருந்தால் போய் ஒரு மணி கொடுங்கள். சும்மா இருக்கும்போது கொடுப்பதுதான் முக்கியம், பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

மேடையில் ஏறிவிட்டால் அமைதியான குரலில் ஒரே சொல்: "கீழே." தீனியைக் காட்டித் தரைக்கு வரவழையுங்கள், அல்லது இரு கையாலும் மார்பையும் பின்பகுதியையும் தாங்கி இறக்கிவிடுங்கள். இறங்கிய கணத்தில் பரிசு வேண்டாம். ஸ்டூலுக்குப் போய் உட்கார்ந்த பிறகு கொடுங்கள். உடனே கொடுத்தால், "ஏறினால்தான் இறங்கச் சொல்வார்கள், இறங்கினால்தான் தீனி" என்று கணக்குப் போட்டு வேண்டுமென்றே ஏறும் பூனைகள் உண்டு. சொல்லையும் மாற்றாதீர்கள். பாட்டி "கீழே" என்றும், பேரன் "டவுன்" என்றும், வேலைக்கு இருக்கும் பெண் "தூரூன்" என்றும் சொன்னால், மூன்று மொழி தெரிந்த பூனை கிடைக்காது. ஒன்றும் காதில் வாங்காத பூனைதான் கிடைக்கும்.

முதல் சில நாட்களில் பூனை முன்பைவிட அதிகமாக ஏறிப் பார்க்கும். பயிற்சி தோற்றுவிட்டது என்று அப்போதுதான் பலர் கைவிடுகிறார்கள். வழக்கமாகக் கிடைத்த கூலி வராதபோது இன்னும் கொஞ்சம் முயன்று பார்ப்பது அதன் இயல்பு. பொறுத்துக்கொள்ளுங்கள், பிறகு குறையும். அந்த நாட்களுக்கு உதவியாக, இரண்டு மூன்று அட்டைகளில் இருபக்கமும் ஒட்டும் டேப்பை ஒட்டி மேடையின் விளிம்பில் வைக்கலாம். பாதத்தில் ஒட்டுவது பூனைக்குப் பிடிக்காது. மேடையிலேயே டேப்பை ஒட்டாமல் அட்டையில் ஒட்டினால் சமைக்கும்போது எடுத்து வைத்துவிடலாம். அடுப்பு எரியும்போது அட்டை பக்கத்தில் இருக்கக் கூடாது.

நீங்கள் தூங்கும்போது நடப்பதைப் பழக்க முடியாது. சமையலறைக்குக் கதவு இருந்தால் இரவில் சாத்துங்கள். கதவில்லாத வீட்டில் மேடையை வெறுமையாக்கிவிட்டு, அடுப்பின் கேஸ் வால்வையும் மூடிவிட்டுப் படுங்கள். பூனை ஏறியிருக்கும் என்றே வைத்துக்கொண்டு காலையில் முதல் வேலையாகத் துடைத்துவிட்டுச் சமையுங்கள்.

செய்யக் கூடாதவை

தண்ணீர் பீய்ச்சும் புட்டியைப் பலர் பரிந்துரைப்பார்கள். நாங்கள் பரிந்துரைக்கவில்லை. பூனை உங்களைக் கண்டால் ஓடும், நீங்கள் இல்லாதபோது ஏறும். அதோடு ஓட்டுத் தரையில் சிந்திய தண்ணீரில் முதலில் வழுக்கி விழப்போவது நீங்கள். காலி டின்களை அடுக்கி விழச்செய்வதும் அப்படித்தான், காலில் தட்டுப்படும்.

அடிக்காதீர்கள். 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் விலங்குகளைக் கொடுமைப்படுத்துவதைக் குற்றமாக்கியிருக்கிறது; கடுமையான அபராதமும் சிறையும் உண்டு. அடிபட்ட பூனை கீறும், கடிக்கும் என்பது வேறு.

மிளகாய்த்தூள் தூவுவது, அந்துருண்டை வைப்பது, டெட்டால் தெளிப்பது ஆகிய மூன்றும் நம் வீடுகளில் வழக்கம். மிளகாய் அதன் கண்ணிலும் மூக்கிலும் பட்டு வேதனை தரும். அந்துருண்டை பூனைக்கு நஞ்சு. டெட்டால் போன்ற ஃபீனால் வகை மருந்தைப் பாதத்திலிருந்து நக்கினால் அதன் கல்லீரலால் அதை முறிக்க முடியாது. உங்கள் பனடோலும் அப்படியே. ஒரே மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடக்கூடும். மாத்திரைப் பெட்டியைச் சாப்பாட்டு மேசையில் திறந்து வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றே மாற்றுங்கள். பூனை தட்டி உருட்டிய மாத்திரை அலமாரிக்கடியில் போய்விட்டால், அன்றைய இரத்த அழுத்த மருந்தை நீங்களும் தவறவிடுவீர்கள்.

துடைப்பதும் நடப்பதும்

சோப்புத் தண்ணீரால் துடைத்து, நல்ல தண்ணீரால் ஒற்றி, காய விடுங்கள். அன்றாடத்துக்கு இது போதும். பச்சை இறைச்சி பட்ட இடத்தையும் பூனை நடந்த இடத்தையும் சோப்பால் கழுவிய பிறகு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி குளோரோக்ஸ் கலந்து துடைக்கலாம். அதோடு வினிகரையோ கழிவறை கழுவும் திரவத்தையோ கலக்காதீர்கள். நச்சு வாயு வரும். பூனை சிறுநீர் கழித்த இடத்திலும் குளோரோக்ஸ் ஊற்றக் கூடாது. சிறுநீரிலுள்ள அம்மோனியாவோடு சேர்ந்து மூச்சுத் திணறச் செய்யும். முதலில் சோப்புத் தண்ணீரால் நன்றாகக் கழுவிவிடுங்கள்.

மேடையிலிருந்து இறங்கிய பூனை உங்கள் காலடியில் சுற்றும். இதை யாரும் எச்சரிப்பதில்லை. அமெரிக்காவில் 2001 முதல் 2006 வரையிலான கணக்கின்படி, நாய், பூனை தொடர்பாக விழுந்து மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போனவர்கள் ஆண்டுக்குச் சராசரியாக 86,000 பேருக்கு மேல். அவர்களில் நாயால் விழுந்தவர்களே மிக அதிகம் என்றாலும், வயதான காலத்தில் இடுப்பெலும்பு முறிய ஒரு பூனை போதும். சுடுசட்டியைத் தூக்கும் முன் குனிந்து பாருங்கள். கழுத்தில் மணி கட்டுவது நல்லதே. ஆனால் வயதாகும்போது கீச்சென்ற மெல்லிய ஒலிதான் காதுக்கு முதலில் எட்டாமல் போகும். ஆகவே பளிச்சென்ற மஞ்சள் அல்லது சிவப்புப் பட்டையையும் சேர்த்துப் போடுங்கள். எதிலாவது மாட்டினால் தானே கழன்றுகொள்ளும் வகைப் பட்டையாக இருக்கட்டும்.

கீறினால், கடித்தால்

இறக்கிவிடும்போது கீறல் விழலாம். உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கடித்திருந்தால் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே சுகாதார கிளினிக்குக்குப் போங்கள். பூனையின் பல் ஊசிபோல் ஆழமாக இறங்கும்; மேலே சிறு புள்ளியாகத் தெரியும், உள்ளே சீழ் பிடிக்கும். சரவாக்கில் 2017 முதல் வெறிநாய்க்கடி நோயால் மனிதர்கள் இறந்திருக்கிறார்கள், பூனையும் அந்த நோயைப் பரப்பக்கூடியது. ஆகவே கடித்தது தெருப்பூனையா வீட்டுப்பூனையா என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மூக்கிலோ காதிலோ ஆறாத புண்ணோடு வரும் பூனையை வெறுங்கையால் தூக்க வேண்டாம். ஸ்போரோத்ரிக்ஸ் என்ற பூஞ்சையாக இருக்கலாம். மலேசியாவில் அது பூனையிடமிருந்து மனிதருக்குப் பரவுவது மருத்துவர்கள் அறிந்ததே. கீறிய இடத்தில் முதலில் சிறு கட்டி வரும். சில வாரங்களில் கையோடு வரிசையாக மேலேறி வேறு கட்டிகள் தோன்றும். நீரிழிவு உள்ளவர்கள் இதைச் சாதாரணக் கொப்புளம் என்று மஞ்சள் பூசிக்கொண்டு காத்திருக்கக் கூடாது. நம் சமூகத்தில் நீரிழிவு மற்ற இனத்தவரைவிட அதிகம், புண் ஆறுவதும் தாமதம். மருத்துவரிடம் காட்டும்போது "வீட்டில் பூனை இருக்கிறது, கீறியது" என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். மாத்திரையால் குணமாகும் நோய் இது, ஆனால் சில மாதங்கள் விடாமல் சாப்பிட வேண்டியிருக்கும். பூனையையும் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள். தூக்கும்போது கையுறை போட்டுக்கொண்டு, பழைய துண்டால் சுற்றி, கூடையில் வைத்து எடுத்துச் செல்லுங்கள்.